வலது பக்கத்துக்கு ஒரு கை

ஸ்கூட்டர் லைசன்ஸுக்கான முதல் தேர்வில் அவன் வண்டியை ஸ்டார்ட் கூடச் செய்யவில்லை. அதற்குள் மூன்று வாய்ப்புகளில் ஒன்று போய்விட்டது.

கவுண்டரில் இருந்த எழுத்தர் வண்டியின் பதிவுச் சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வண்டி வேற பேர்ல இருக்கே."

"என் மனைவி பேர்ல."

"அப்ப அவங்க சம்மதக் கடிதம் வேணும். கையெழுத்தோட."

அவன் பையிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினான். எழுத்தர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார்.

"இதுல அவங்க கையெழுத்து இல்லையே?"

"அவங்க இல்லை சார். அதைத்தான் அந்தப் பேப்பர் சொல்லுது."

"புரியுது, புரியுது. அதுக்கு வேற ஃபாரம். மாடியில வாங்கி, வாரிசுன்னு எழுதி, சீல் வெச்சு எடுத்துட்டு வாங்க." பிறகு குரலை இறக்கி, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரிக் கேட்டார். "வண்டியிலயா போனாங்க?"

"காய்ச்சல்."

"ஓ." எழுத்தர் கொஞ்சம் ஏமாந்தது போலத் தெரிந்தது.

மாடியில் ஃபாரம் தீர்ந்துபோயிருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் நகல் எடுத்து, எழுதி, சீல் வாங்கி அவன் இறங்கி வருவதற்குள் மைதானத்தில் தேர்வு முடிந்திருந்தது. சுவரில் ஒட்டிய பட்டியலில் அவன் எண்ணுக்கு நேரே 'வரவில்லை' என்று இருந்தது.

"காலையில எட்டு மணியிலிருந்து இங்கதானே நிக்கறேன்? நீங்களே என்கிட்ட அரை மணி நேரம் பேசினீங்க."

"கவுண்டருக்கு வந்தீங்க சார். மைதானத்துக்கு வரலையே."

அவனுக்கு அந்த ஜன்னலுக்குள் கையை விட்டு அந்த ஆளின் சட்டைக் காலரைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடிக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தான். நான்கு கிலோமீட்டர். கூட லைசன்ஸ் உள்ள ஒருவர் இல்லாமல் ஓட்டக் கூடாது என்று சட்டம். அவனோடு கூட வந்துகொண்டிருந்தவளுக்கு லைசன்ஸ் இருந்தது.

மூன்று வாய்ப்பும் போனால் மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அவனுக்கு ஆறு மாதம் இல்லை. மூன்று வாரம்தான் இருந்தது.

மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. ஒன்றாம் வகுப்புக்கு, அவன் கண் பரிசோதகனாக வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துப் பள்ளியில் போன வருடமே இடம் வாங்கி வைத்திருந்தாள் அவன் மனைவி. அவள் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் இருந்தாள். காலையில் குழந்தையையும் அவனையும் ஒரே வண்டியில் ஏற்றி, குழந்தையைப் பள்ளியிலும் புருஷனைக் கடையிலும் இறக்கிவிட்டு வேலைக்குப் போவது என்பது அவள் போட்ட கணக்கு. கணக்கு போட்டவள் எட்டு மாதத்துக்கு முன்னால் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தை அன்றிலிருந்து அவன் மாமியார் வீட்டில்.

மாமியார் கெட்டவர் இல்லை. அதுதான் அவனுக்குப் பெரிய எரிச்சல். கெட்டவராக இருந்தால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலாம். அவர் சொன்னதெல்லாம் நியாயமாக இருந்தது.

"ரெண்டு பஸ் மாறணும் மாப்பிள்ளை. ஏழரை மணி கூட்டத்துல இந்தக் குழந்தையை எங்க நிறுத்துவீங்க? இங்க மூணு வீடு தள்ளி ஒரு ஸ்கூல் இருக்கு. நான் ஜன்னல்ல இருந்தே பார்த்துக்கலாம்."

"நான் லைசன்ஸ் எடுத்துடறேன் அத்தை."

"எடுங்க. வேண்டாம்னா சொன்னேன்? மூணு வாரம் கழிச்சு வர்ற வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அதுக்குள்ள எடுத்துட்டா உங்க இஷ்டம். இல்லேன்னா இந்த ஸ்கூல் ஃபாரத்துல ஒரு கையெழுத்து போட்டுருங்க. ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க, யாரு தடுக்கப் போறா?"

ஃபாரம் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. மாமியார் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். தையல் மெஷின் மேல் அந்தத் தெருப் பள்ளியின் நீலத் துணி வெட்டித் தயாராகக் கிடந்தது. சின்ன அளவு. அவன் அதைப் பார்த்தான். அவன் பார்ப்பதை மாமியாரும் பார்த்தார்.

"சும்மாதான் வெட்டி வெச்சேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா. விருந்தாளி அப்பா. தின்பண்டப் பொட்டலத்தோடு வந்து, டீ குடித்துவிட்டுப் போகிற அப்பா. எட்டு மாதமாக அவன் அழவில்லை. சொந்தக்காரர்கள் அதையும் கவனித்து வைத்திருந்தார்கள்.

இரண்டாவது தேர்வுக்கு எல்லாத் தாளும் கையில் இருந்தது. கூட வந்தவன் மச்சினன், மனைவியின் தம்பி. மருந்து டெலிவரி செய்கிறவன். அவன்தான் இரண்டு வாரமாகப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான்.

"பயப்படாதீங்க மாமா. எட்டுதானே? ஒண்ணாங்கிளாஸ்ல போடலையா?"

சிமெண்ட் தரையில் வெள்ளைக் கோட்டில் எட்டு வரைந்திருந்தது. நடுவில் நின்ற தேர்வு அதிகாரிக்கு வரிசையில் நின்றவர்கள் வைத்திருந்த பெயர் சோடாபுட்டி. கண்ணாடி அவ்வளவு கனம். இடது தண்டு வளைந்து, மூக்கு நுனியில் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. இந்தக் கண்ணாடியில் இந்த மனுஷனுக்கு எட்டு பதினாறாகத்தான் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இடது வளைவு நன்றாகவே போனது. நடுவில் கடந்து வலது வளைவுக்குள் நுழைந்தான். அவன் வலது கை ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டுத் தானாகப் பக்கவாட்டில் நீண்டது. தோளுக்கு நேராக, விரல்கள் சேர்ந்து, ஒழுங்காக. வண்டி செருமியது. முன்சக்கரம் மடங்கியது. இன்ஜின் அணைந்தது. அவன் காலை ஊன்றினான்.

"யாருக்குங்க கை காட்டறீங்க?" என்றார் சோடாபுட்டி. "எட்டு போடச் சொன்னா டாட்டா காட்டிட்டுப் போறீங்க?"

வரிசையில் சிரிப்பு. தள்ளி நின்ற மச்சினனும் சிரித்துவிட்டான். அதை அவன் மறக்கத் தயாராக இல்லை.

"சார், இன்னொரு தடவை..."

"அடுத்த வியாழக்கிழமை இன்னொரு தடவை. அதோட முடிஞ்சுது உங்க கோட்டா. இன்னொண்ணு, அந்த வலது பக்க இண்டிகேட்டர் எரியலை. எரியாத லைட்டோட வந்தா கேட்டுக்குள்ளயே விடமாட்டேன்."

இடது பக்கம் எரிந்தது. வலது பக்கம் எரியாது. நான்கு வருடமாக எரியாது. அவள் இருந்தவரை அந்த லைட் அவன்தான்.

அவள் ஓட்டுவாள். அவன் பின்னால் உட்காருவான். குழந்தை பிறந்த பிறகு நடுவில் குழந்தை. வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் அவள் "ம்" என்பாள். அவன் கையை நீட்டுவான். பழகப் பழக "ம்" கூடத் தேவைப்படவில்லை. அவள் தோள் லேசாகச் சாய்ந்தாலே அவன் கை நீளும். மழையில் நீட்டியிருக்கிறான். சட்டைக் கைக்குள் தண்ணீர் ஓடி அக்குள் வரை வரும். வெயிலில் நீட்டியிருக்கிறான். வலது முன்கை மட்டும் ஒரு நிறம் கூடுதலாகக் கறுத்திருந்தது. கடையில் கண் பார்க்க வருகிறவர்கள் அதைக் கேட்பார்கள். ஒருமுறை பக்கத்தில் உரசிக்கொண்டு போன வேனின் கண்ணாடி விரல்களில் பட்டு, மூன்று நாள் வீங்கிக் கிடந்தது.

இப்போது அந்தக் கை யார் சொல்லியும் கேட்கவில்லை.

புதன்கிழமை மாலை கடைசிப் பயிற்சி. ஒரு கிடங்கின் பின்னால் காலியான சிமெண்ட் தரை. மச்சினன் செங்கல் துண்டால் எட்டு வரைந்தான். அவன் பதினோரு முறை போட்டான். ஏழு முறை கை நீண்டது.

"கட்டிப் போட்டுடவா மாமா?" மச்சினன் மருந்துப் பெட்டியில் சுற்றுகிற ரப்பர் பேண்டுகளை எடுத்து, மணிக்கட்டையும் கைப்பிடியையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றினான். வலது வளைவில் மூன்றும் அறுந்தன. ஒன்று தெறித்து மச்சினன் காதில் பட்டது.

"அம்மா... இது கை இல்லை மாமா, இரும்பு."

அவன் வண்டியை ஸ்டாண்டில் போட்டான். கீழே கிடந்த பெயின்ட் டப்பாவை உதைத்தான். அது சுவரில் மோதித் திரும்பி வந்தது. அதையும் உதைத்தான்.

"ஏழு வருஷம்டா. ஏழு வருஷம் பின்னாடி உட்கார்ந்திருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'நீங்க ஓட்டிப் பாருங்க'ன்னு அவ சொல்லியிருப்பாளா? எனக்குக் கையை நீட்ட மட்டும் கத்துக்கொடுத்துட்டுப் போயிட்டா. நான் என்ன மனுஷனா, கைகாட்டி மரமா?"

அக்காவைப் பற்றி மாமா இப்படிப் பேசி மச்சினன் கேட்டதில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்தான். நாளைக்கு லைட் எரிய வேண்டும். புது பல்பு ஒன்று வாங்கி வந்திருந்தான்.

மூடியைக் கழற்றினான். பல்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். உள்ளே விட்டான். சீட்டைத் தூக்கி வயரைத் தேடினான். அப்புறம் நிறுத்திவிட்டான்.

"மாமா."

"என்ன?"

"பல்பு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எரியாம?"

"வயரைக் கழட்டி விட்டிருக்கு. நுனியில டேப் சுத்தி, பத்திரமா மடிச்சு உள்ள சொருகியிருக்கு." மச்சினன் தலையைத் தூக்கவில்லை. "மஞ்சள் டேப்."

மஞ்சள் டேப் அவள் கம்பெனி டேப். லிஃப்ட் வயருக்குச் சுற்றுகிறது. வீட்டில் மிக்ஸி வயரில், இஸ்திரிப் பெட்டி வயரில், குழந்தையின் உடைந்த பொம்மைக் காலில் எல்லாம் இருந்தது அதே டேப்தான். அவள் சுற்றினால் நுனியை உள்பக்கமாக ஒரு மடிப்பு மடிப்பாள், பிரிக்கச் சுலபமாக இருக்கும் என்று. இதிலும் அந்த மடிப்பு இருந்தது.

அவன் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"லைட் விஷயம் சத்தியமா தெரியாது மாமா." மச்சினன் எழுந்து கொஞ்சம் தள்ளி நின்றான். எச்சரிக்கையாக. "ஆனா அக்கா ஒரு தடவை ஒண்ணு சொன்னா. நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"'பின்னாடி உட்கார்ந்தா உங்க மாமா என் தோளைப் பிச்சு எடுக்கறாருடா. அதுவும் வலது பக்கம் திரும்பும்போது, எதிர்ல வண்டி வந்தா, கண்ணை மூடிக்கிட்டு நகத்தைப் பதிக்கறாரு. சொன்னா மனசு கஷ்டப்படுவாரு. அதான் கைக்கு ஒரு வேலை கொடுத்துட்டேன்'னா. என்ன வேலைன்னு கேட்டேன். சிரிச்சா. சொல்லலை."

அவன் முகத்தில் ரத்தம் ஏறியது. காது நுனி வரை.

"நாலு வருஷம்," என்றான்.

"மாமா..."

"மழையில நீட்டியிருக்கேன்டா. விரல் வீங்கி மூணு நாள் பேனா பிடிக்க முடியலை. அப்பக்கூட அவளுக்குச் சொல்ல வாய் வரலை. நாலு வருஷம் என்னை முட்டாளாக்கி, பின்னாடி உட்கார வெச்சு..." அவன் டப்பாவை மறுபடி உதைத்தான். "இதைக் கேக்க வேண்டிய ஆள் எங்க? எங்க போய்க் கேக்கறது நான்?"

மச்சினன் வயரைப் பொருத்தினான். பழைய டேப்பைத் தூக்கி எறியாமல் ஹேண்டில் மேல் ஒட்டி வைத்தான். சுவிட்சைத் தள்ளினான். வலது பக்கம் எரிந்தது, அணைந்தது, எரிந்தது. நான்கு வருடம் தூங்கி எழுந்த களைப்பு எதுவும் அதற்கு இல்லை. டிக், டிக் என்று வெட்கமில்லாமல் எரிந்தது.

வியாழக்கிழமை காலை அவன் தூங்காத கண்களோடு, மச்சினனைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனான். அவன் எண்ணைக் கூப்பிட்டார்கள். சோடாபுட்டி வண்டியைச் சுற்றி வந்து, வலது லைட் எரிவதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இன்னிக்கு டாட்டா உண்டா?"

அவன் சண்டைக்குப் போகிறவன் மாதிரி வண்டியைக் கிளப்பினான்.

சண்டைதான். இடது வளைவு முழுக்க அவன் அவளோடு சண்டை போட்டான். சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? பயந்தாங்கொள்ளின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமில்ல? நடுவில் கடந்தான். வலது வளைவு வந்தது. சுவிட்சைத் தள்ளினான். டிக், டிக். வலது தோளிலிருந்து கை கிளம்பியது. அவன் கைப்பிடியை நெரித்துப் பிடித்தான், அதுதான் அவள் தோள் என்பது போல.

அந்த இடத்தில்தான் அவனுக்கு நினைவு வந்தது. விரல் வீங்கிய அன்று சாலையோரக் குழாயடியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். "நாளைக்கே லைட்டைச் சரி பண்ணிடறேன். நாளைக்கே." அவன்தான் பெரிய மனுஷன் மாதிரி சொன்னான்: "எதுக்கு? நான் இருக்கேன்ல."

இதையும் அவன் மன்னிக்கவில்லை. இது யார் தப்பு என்று அந்த நேரத்தில் அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு வளைவை முடித்தான். கால் தரையில் படவில்லை.

சோடாபுட்டி கண்ணாடியை மேலே தள்ளினார். "மறுபடி போடுங்க."

"எதுக்கு? அதான் போட்டாச்சே."

"போன வாரம் அந்த மாதிரி, இந்த வாரம் இந்த மாதிரின்னா எனக்குச் சந்தேகம் வராதா? போடுங்க."

அவன் மறுபடி போட்டான். கேட்காமலே மூன்றாவதும் போட்டான். அதிகாரி கையைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

தாளில் கையெழுத்து விழுந்தது. அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அவன் சொன்னான்: "உங்க கண்ணாடியில இடது தண்டு வளைஞ்சிருக்கு சார். பவரும் பழசு. இதைப் போட்டுக்கிட்டு ஊரையே ஃபெயில் பண்ணிட்டிருக்கீங்க. கடைக்கு வாங்க, சரி பண்ணித் தரேன்."

வரிசையில் சிரித்தார்கள். இந்த முறை அவனைப் பார்த்து இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மாமியார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். சின்ன ஹெல்மெட் ஒன்று வாங்கியிருந்தான். மாமியார் தற்காலிக லைசன்ஸ் தாளைப் படித்தார். வண்டியைப் பார்த்தார். அந்த வண்டிதான் மகளைக் கொன்றது என்பது போலவே அவர் எப்போதும் அதைப் பார்ப்பார்.

"பேப்பர் சரி. குழந்தைக்கு ஒத்துக்கணுமே? அவ அம்மாவுக்குப் பின்னாடி உட்கார்ந்தவ, உங்க பின்னாடி உட்கார்ந்ததில்லை. தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. பயந்து அழுதான்னா ஃபாரத்துல கையெழுத்து போடறீங்க. அவ்வளவுதான்."

"எனக்கும் பரீட்சை, அவளுக்கும் பரீட்சையா அத்தை?"

"என் பொண்ணோடதுன்னு எனக்கு மிஞ்சினது அவ ஒருத்திதான் மாப்பிள்ளை."

அதுவும் நியாயமாகவே இருந்தது. எப்போதும் போல.

மகளைத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்தான். ஹெல்மெட் பட்டையைப் போட்டுவிட்டான். முதல் நூறு அடி ஒன்றுமில்லை. மருந்துக்கடை முனையில் வலது பக்கம் திரும்ப வேண்டும். எதிரே ஒரு லாரி வந்தது. பத்து விரல்கள் அவன் விலாவில் பாய்ந்தன. நகம் சட்டையைத் தாண்டி உள்ளே இறங்கியது.

"அப்பா, நிறுத்து. நிறுத்துப்பா."

அவன் ஓரம் கட்டினான். திரும்பிப் பார்த்தான். குழந்தையின் உதடு கோணிக்கொண்டு வந்தது. இன்னும் அரை நிமிடத்தில் அழுகை. பாட்டி வாசலிலேயே நிற்பார். நீலத் துணி மெஷின் மேல் இருக்கிறது.

விலா எரிந்தது. அவன் அங்கே தடவிக்கொண்டான். தன் நகங்கள் அவள் தோளில் எப்படி இறங்கின என்று இப்போதுதான் உடம்பில் தெரிந்தது.

"குட்டி, ஒரு சிக்கல்," என்றான். "இந்த வண்டியில வலது பக்க லைட் எரியாது. திரும்பும்போது பின்னாடி வர்றவங்களுக்கு யாராவது கை காட்டணும். முன்னாடி நான் காட்டிட்டிருந்தேன். இப்ப ஓட்டறவன் எப்படிக் காட்டறது?"

உதடு நேரானது. "கை காட்டலைன்னா?"

"திட்டுவாங்க. என்னைத்தான்."

"எந்தக் கை?"

"சாப்பிடற கை. நான் 'ம்'னு சொல்லும்போது நேரா நீட்டணும். நான் மெதுவாத்தான் போவேன். இன்னொரு கையால என்னைப் பிடிச்சுக்கோ."

தெருவைச் சுற்றினார்கள். ஊர்ந்துதான் போனான், ஒரு சைக்கிள்காரர் மணியடித்துவிட்டு அவர்களை முந்திப் போனார். மூன்று வலது திருப்பம். மூன்று முறை "ம்." மூன்று முறையும் அந்தச் சின்னக் கை தோளுக்கு நேராக நீண்டது. ஒருமுறை கூட நகம் இறங்கவில்லை. பின்னால் லைட் டிக், டிக் என்று எரிந்துகொண்டே வந்தது. அவன் அதை அணைக்கவில்லை. பின்னால் வருகிறவனுக்கு ஒரு குழந்தையின் கை மட்டும் போதும் என்று நம்புகிற அளவுக்கு அவன் ஏமாளி இல்லை.

வாசலில் மாமியார் நின்றிருந்தார். வண்டி திரும்பி வந்து நிற்பதை முழுக்கப் பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார். எரிகிற லைட்டைப் பார்த்தார்.

"லைட்தான் எரியுதே, அப்புறம் எதுக்குக் கையை..."

"எரியலை அத்தை," என்றான் அவன். பல்லைக் கடித்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாக. "நாலு வருஷமா எரியலை."

மாமியார் வாயைத் திறந்தார். லைட் அணைந்து எரிந்தது. அவர் கண் ஹேண்டில் மேல் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பில் போய் நின்றது. அவர் வீட்டுத் தையல் மெஷின் வயரிலும் மகள் அதே டேப்பைத்தான் சுற்றியிருந்தாள்.

"பாட்டி, நான் கை காட்டலைன்னா அப்பாவைத் திட்டுவாங்க," என்றாள் குழந்தை, இதெல்லாம் தெரியாத பெரியவர்கள் மேல் கோபமாக.

மாமியார் குழந்தையை இறக்கிவிட்டு, பட்டையைக் கழற்றினார்.

"அந்த ஸ்கூல்ல என்ன கலர்?"

"பச்சை."

"பச்சையா? நீலத்தை வெட்டித் தொலைச்சுட்டேனே. முன்னாடியே சொல்ல மாட்டீங்களா மாப்பிள்ளை?" என்று கோபமாகச் சொல்லிவிட்டு, அளவு டேப்பை எடுக்க உள்ளே போனார்.